காரைக்குடி வெயிலில் வெளுத்த மாருதியும் 2000 நம்பர் வாட்டர் பேப்பரும்

வெளுத்துப்போன கார் பெயிண்டைத் தேய்த்து மறுபடி பளபளப்பாக்கும் வேலை. பானெட் முடிந்தது, இடப்பக்கக் கதவுகளும் முடிந்தன, கூரையும் டிக்கியும் பாக்கி. இதுவரை செய்ததை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். வாட்டர் பேப்பரை, அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை, கையில் எடுக்கப் பயந்துகொண்டிருக்கும் யாருக்காவது உதவும்.

வண்டி சித்தப்பா ஓட்டிய பழைய மாருதி 800, சிவப்பு. வருஷக்கணக்கில் ஷெட் இல்லாமல் வெயிலில் நின்றதில் கூரை ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது, கதவில் கையை வைத்துத் தேய்த்தால் உள்ளங்கையில் சிவப்பாக மாவு ஒட்டும். பானெட் மட்டும் வேறு கதை. எப்போதோ எங்கேயோ இடித்து, வெளியே ஒரு பெயிண்ட் ஷெட்டில் கொடுத்து மறுபடி அடித்திருக்கிறார்கள். நிறம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் குனிந்து பார்த்தால் பூராவும் ஆரஞ்சு பீல், அதாவது ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடும் பள்ளமும், நடுநடுவே பெயிண்ட் காயும் முன் விழுந்த தூசி பொரிப்பொரியாக.

எதையும் தேய்க்கும் முன்னால் ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் ரப்பிங் காம்பவுண்டை (பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றும் பசை) தொட்டு, கண்ணில் படாத ஓரமாகப் பார்த்துத் தேய்த்துப் பார்த்தேன். கதவில் துணி சிவப்பானது. அப்படியென்றால் அங்கே நிறப் பூச்சுதான் மேல் பூச்சு, அதற்கு மேல் கிளியர் என்னும் நிறமில்லாத பூச்சு கிடையாது. பானெட்டில் துணி வெள்ளையாகவே இருந்தது, அங்கே கிளியர் அடித்திருக்கிறார்கள். ஒரே வண்டியில் இரண்டு விதமான பெயிண்ட், ஆக இரண்டு விதமான வேலை. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது, ஆனால் இதைச் செய்யாமல் இறங்கினால் நடுவில் பேப்பரில் சிவப்பைப் பார்த்ததும் கிளியர் போய்விட்டதோ என்று வயிறு கலங்கும்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும் காரில் பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் மட்டும் 40, 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அந்தப் பூச்சுதான், அதனால் அதைக் கரைத்துக்கொண்டே போக முடியாது. ஷெட்டில் அடித்ததில் எவ்வளவு கிளியர் இருக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, தடிமன் பார்க்கும் கருவி வைத்தாலும் பட்டி, பிரைமர் எல்லாவற்றையும் சேர்த்து மொத்தக் கணக்கைத்தான் காட்டும். ஆகவே ஆரஞ்சு பீலை முழுசாக எடுப்பதில்லை, பாதிக்கு மேல் தணிந்தால் போதும் என்று முதலிலேயே முடிவு.

பேப்பர் விஷயத்தில் ஒரு கணக்கு எனக்குப் பிடித்தது. 1000 நம்பர் பேப்பரின் துகள் சுமார் 18 மைக்ரான், 2000-இல் 10, 2500-இல் 8. நம்பர் ஏற ஏறத் துகளின் வித்தியாசம் சுருங்குகிறது. 1000-இல் தொடங்கினால் அந்தக் கீறலை எடுக்கவே கிளியரில் ஒரு பங்கு செலவாகிவிடும். கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது 1000 தான், வேண்டாம் என்று 2000, 2500, 3000 வாங்கி வந்தேன். 2000 மெதுவாகத்தான் அறுக்கும், புதிதாகச் செய்பவனுக்கு அந்த மெதுவே நல்லது.

தேவகோட்டை ரோட்டில் தெரிந்த பெயிண்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டதற்கு, "தம்பி, பேப்பரை ராத்திரியே தண்ணியில ஊறப் போட்ருங்க, வெறும் விரலால மட்டும் தேய்க்காதீங்க, விரல் தடம் பள்ளமா விழும், அப்புறம் டியூப்லைட் வெளிச்சத்துல நாலு கோடு தெரியும்" என்றார். ரப்பர் கட்டையில் சுற்றித்தான் தேய்த்தேன். வாளித் தண்ணீரில் நாலு சொட்டு கார் ஷாம்பு, வழுக்கிக்கொண்டு போக. பானெட்டின் விளிம்பு, நடுவில் ஓடும் மடிப்பு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப். மடிப்பில் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும், கையின் அழுத்தமும் அங்கேதான் குவியும், முதலில் தோல் உரிவது அந்த இடம்தான்.

நம் ஊர்ச் செம்மண் இன்னொரு எதிரி. காற்றடித்தால் வாளிக்குள் விழும், அதில் ஒரு மணல் பேப்பருக்கு அடியில் மாட்டினால் 2000 நம்பர் என்பதற்கே அர்த்தமில்லை. அதனால் இரண்டு வாளி, ஒன்று பேப்பரை அலச, ஒன்று நல்ல தண்ணீர். பானெட்டை அலசிவிட்ட பிறகுதான் டேப்பே ஒட்டினேன்.

இப்போது முக்கியமான இடம். ஓர் அடிக்கு ஓர் அடி எடுத்துக்கொண்டு, அழுத்தாமல், நேர் கோட்டில் ஏழெட்டு இழுப்பு. பால் மாதிரி வெள்ளையாக ஒரு கரைசல் வரும், அது கிளியர். அதை ரப்பர் வைப்பரால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, ஈரம் காயும் வரை நின்று பார்க்க வேண்டும். ஈரத்தில் எல்லாமே பளபளப்பாகத்தான் தெரியும், நம்ப வேண்டாம். காய்ந்ததும் மேடெல்லாம் மங்கலாகவும் பள்ளமெல்லாம் சின்னச் சின்ன மின்னும் புள்ளியாகவும் பிரிந்து தெரியும். மறுபடி ஏழெட்டு இழுப்பு, புள்ளிகள் சுருங்கும். தேய்ப்பதைவிட இப்படி நின்று பார்ப்பதில்தான் அதிக நேரம் போனது. புள்ளிகள் கடுகளவுக்கு வந்தபோது நிறுத்திவிட்டேன். அவற்றையும் எடுக்கக் கை பரபரக்கும், எடுக்கலாம்தான், ஆனால் அதற்கு அடியில் எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. 2500-ஐ குறுக்காக இழுத்தேன், 3000-ஐ மறுபடி நேராக. திசை மாற்றினால் பழைய கீறல் போய்விட்டதா இல்லையா என்பது பார்த்த உடனே தெரியும்.

3000 முடிந்து நின்ற பானெட் பூராவும் சாம்பல் பூத்த மாதிரி மங்கி இருந்தது. எதிர்வீட்டு ஆச்சி பார்த்துவிட்டு, "என்னடா தம்பி, இருந்த மினுக்கையும் சுரண்டிட்டியே, சித்தப்பாவுக்குத் தெரியுமா?" என்றார். "இன்னும் வேலை பாக்கி இருக்கு ஆச்சி" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

பளபளப்பு என்பது எண்ணெய் தடவியது போல மேலே வந்து உட்காரும் சமாச்சாரம் அல்ல, பரப்பு சமமாக இருந்தால் ஒளி சிதறாமல் திரும்பும், அவ்வளவுதான். ஆத்தங்குடித் தரைக்கல்லைக் கண்ணாடி மேல் வார்க்கிறார்கள், அந்தக் கண்ணாடியின் சமம்தான் கல்லின் மினுக்கு. காரில் அந்தச் சமத்தைக் காம்பவுண்டும் மெஷினும் கொண்டுவர வேண்டும். நான் நண்பனிடம் வாங்கியது டூயல் ஆக்‌ஷன் பாலிஷ் மெஷின். சுற்றிக்கொண்டே ஆட்டமும் இருப்பதால் ஒரே இடத்தில் சூடு ஏறாது. ஆட்டமில்லாமல் சுற்ற மட்டும் செய்யும் ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும், தெரியாத கையில் பெயிண்டையும் சுட்டுவிடும். ஃபோம் பேடில் பட்டாணி அளவு நாலு பொட்டு, இரண்டடிக்கு இரண்டடி, மெதுவாகக் குறுக்கும் நெடுக்கும். காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், தகடு சூடானால் காம்பவுண்ட் காய்ந்து தூளாகப் பறக்கும். முதல் சுற்றிலேயே வேப்பமரத்தின் கிளை இலையோடு பானெட்டில் தெரிந்தது. ஆச்சி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

கதவுகளுக்கு வாட்டர் பேப்பரே வேண்டியிருக்கவில்லை. மேலே மாவாகிப்போன பெயிண்டைக் காம்பவுண்ட் மட்டுமே எடுத்துவிட்டது, அடியிலிருந்து நல்ல சிவப்பு வந்தது. பேட் ரத்தக்களரியாகிவிடும், ஒவ்வொரு கதவுக்கும் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறல் ஒன்று பின்கதவில் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். அதைத் தேய்த்து எடுக்கப் பார்த்தால் அடியில் பிரைமர்தான் தெரியும்.

கழுவிய தண்ணீரைக் காய விடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், ஒரு சொட்டு காய்ந்தால் வட்டமாக வெள்ளைத் தடம். வீட்டு முற்றமான வளவில் அண்டா வைத்துப் பிடித்த மழைத்தண்ணீர் கொஞ்சம் இருந்தது, கடைசி அலசலுக்கு அதையே ஊற்றி, உடனே மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுத்து, மேலே மெழுகு போட்டாயிற்று.

கூரைக்கும் டிக்கிக்கும் காம்பவுண்ட் மட்டும்தான், பேப்பர் கிடையாது. அப்புறம் மஞ்சளாகிப்போன ஹெட்லைட். அதற்கும் இதே பேப்பர் வேலைதான், ஆனால் தேய்த்ததும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு ஒன்று மறுபடி அடிக்காவிட்டால் கொஞ்ச நாளில் திரும்ப மஞ்சளாகிவிடும். அந்தப் பூச்சு கைக்கு வந்த பிறகுதான் அதைத் தொடப்போகிறேன்.