இலை சூடானால் உடனே தண்ணீர் பாய்ச்சலாமா?

துல்லிய வேளாண்மை என்றதும் பலரும் மண்ணில் புதைக்கும் ஈரப்பத உணரியைத்தான் நினைக்கிறார்கள். மண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை அது சொல்லும். அந்த நீரைச் செடியால் உறிஞ்ச முடிகிறதா என்பதைச் சொல்லாது. உப்பு மிகுந்த நிலத்தில் ஈரம் இருந்தும் பயிர் வாடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும். செடியிலேயே பொருத்தும் உணரிகளில் எனக்கு ஆர்வம் பிறந்தது இதனால்தான்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, தண்டின் பருமனை அளக்கும் டென்ட்ரோமீட்டர். மரப்பட்டையில் காய்ந்து செதிலாக நிற்கும் பகுதியைப் பதமாகச் சுரண்டிவிட்டு, கருவியின் முனை எப்போதும் தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி பொருத்த வேண்டும். பகலில் இலைகள் இழக்கும் நீருக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாதபோது, பட்டைத் திசுக்களில் சேர்ந்துள்ள நீரும் மேலே இழுக்கப்படுவதால், கண்ணுக்குத் தெரியாத மைக்ரோமீட்டர் அளவில் தண்டு சுருங்குகிறது. இரவில் நீர் ஏறியதும் மீண்டும் பருக்கிறது. வறண்ட காற்று வீசும் நாளில் நீர் போதுமான அளவு இருந்தாலும் சுருக்கம் கூடும் என்பதால், ஒரு நாள் அளவை மட்டும் பார்த்து நான் எந்த முடிவுக்கும் வரமாட்டேன். ஆனால் நாள்தோறும் அதிகாலையில் தண்டு பழைய பருமனை எட்டாமல் போய்க்கொண்டே இருந்தால், அதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும்.

இலை வெப்பநிலையை அகச்சிவப்பு உணரியால் அளப்பது இன்னொரு வழி. நீராவிப்போக்கு நன்றாக நடக்கும் இலை குளிர்ந்திருக்கும். இலைத்துளைகள் மூடிக்கொண்டால் சூடேறும். இந்த எளிய உண்மையை வைத்து, அமெரிக்காவின் அரிசோனாவில் பணியாற்றிய இட்சோ, ஜாக்சன் முதலிய விஞ்ஞானிகள், நீர் போதாமல் பயிர் படும் தவிப்பை, அதாவது நீர்த்தகைவை, எண்ணாகச் சொல்லும் பயிர் நீர்த்தகைவுக் குறியீட்டை 1981இல் உருவாக்கினர். தகைவு இல்லாத பயிருக்கு அதன் மதிப்பு 0, நீராவிப்போக்கு அடியோடு நின்ற பயிருக்கு 1.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. தண்ணீர் தேங்கி, காற்றோட்டம் இன்றி வேர் மூச்சுத் திணறும்போதும், வேரழுகல் வந்தபோதும் இலைத்துளைகள் மூடிக்கொள்ள, இலை சூடாகத்தான் செய்யும். இலை வெப்பநிலையை மட்டும் நம்பித் தானாகத் திறக்கும்படி வால்வை அமைத்துவிட்டால், ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருக்கும் பயிருக்கு அது மேலும் தண்ணீர் விடும். செடி தவிக்கிறது என்று இலை சொல்கிறது. எதனால் என்று தெரிய மண்ணில் உள்ள உணரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்துவிடுவது மேல்.

பயிருக்குப் பயிர் குணமும் மாறும். மக்காச்சோளம் நீர் குறையத் தொடங்கியதுமே துளைகளை மூடித் தன் இலைநீரைக் காத்துக்கொள்ளப் பார்க்கும். சூரியகாந்தி அவற்றை நெடுநேரம் திறந்தே வைத்திருக்கும். ஒன்றுக்கு வகுத்த எச்சரிக்கை எல்லையை மற்றொன்றுக்கு அப்படியே பயன்படுத்த முடியாது.

அளவு மாறுவதைக் காட்டும் கருவி காரணத்தைச் சொல்வதில்லை என்பது, இலையைக் கவ்விப் பிடித்துப் பச்சையத்தை மதிப்பிடும் கருவிக்கும் பொருந்தும். அளவு குறைந்தால் தழைச்சத்துப் பற்றாக்குறை என்று எண்ணி யூரியா இடுகிறோம். கந்தகமோ இரும்போ குறைந்தாலும் இலை வெளுக்கும். ஆகவே வயலின் ஒரு பாத்திக்கு மட்டும் தழைச்சத்தைத் தாராளமாக இட்டு, மற்ற பாத்திகளின் அளவுகளை அதனோடு ஒப்பிடுவதே நல்ல முறை. ஒப்பிடும்போது எல்லாச் செடிகளிலும் முழுமையாக விரிந்த இளம் இலையையே அளக்க வேண்டும். வரப்போரத்துச் செடிகளை இதில் சேர்க்கக் கூடாது.