துளை விழாத டாங்கி

ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஹெச்.இ. குண்டு, அதாவது உள்ளே இருக்கும் வெடிமருந்தின் பலத்தை நம்பிச் சுடும் குண்டு, டாங்கியின் கவசத்தைத் துளைக்குமா? துளைக்காது என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். பயிற்சிக் காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு நாள் டார்ச் லைட்டோடு ஒரு பழைய டாங்கிக்குள் இறங்கும்வரை.

எண்பதுகளின் கடைசி. நான் விஜயந்தாவில் கன்னர், பீரங்கியைக் குறிபார்த்துச் சுடுபவன். ஆவடியில் செய்த டாங்கி, 105 மி.மீ. பீரங்கி. அகமத்நகர் பக்கம் ஃபயரிங் ரேஞ்சில், இலக்காக நிறுத்தியிருந்த பழைய டாங்கியின் டரட் மேல், அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேற்கூட்டின் மேல், ஹெஷ் என்ற ஒரு வகை ஹெச்.இ. ரவுண்டு அடித்தேன். சரியாகப் பட்டது. கிட்டே போய்ப் பார்த்தால் கரி படிந்த ஒரு வட்டமும் லேசான பள்ளமும்தான், துளை இல்லை. "ஒண்ணும் ஆகல உஸ்தாத்" என்றேன் எங்கள் பயிற்சியாளரிடம். அவர் பதில் சொல்லாமல் டார்ச்சைக் கையில் கொடுத்து உள்ளே இறங்கச் சொன்னார்.

உள்சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு எஃகு பெயர்ந்திருந்தது. பெயர்ந்த துண்டு எதிர்ப்பக்கம் போய் மோதிக் கீழே கிடந்தது, சுற்றிலும் சின்னச் சின்னச் சிதறல்கள். அந்தக் காட்சியை இன்றும் மறக்க முடியவில்லை.

ஹெஷ் குண்டின் முனை மெல்லியது, உள்ளே பிசைந்த மாவு மாதிரி பிளாஸ்டிக் வெடிமருந்து. கவசத்தில் பட்டதும் சுவரில் வறட்டி தட்டியது போல அப்பிக்கொள்ளும், அப்புறம்தான் குண்டின் அடியில் இருக்கும் ஃபியூஸ் அதை வெடிக்க வைக்கும். அந்த அதிர்ச்சி அலை எஃகுக்குள் ஓடி உள்முகத்தில் பட்டுத் திரும்பும்போது, அதுவரை அமுக்கிய விசை இழுக்கும் விசையாக மாறிவிடுகிறது. அமுக்கத்தைத் தாங்கிய எஃகு இழுப்பில் பிய்ந்துவிடும். வேகத்தை நம்பி வேலை செய்கிற குண்டு இல்லை என்பதால் 500 மீட்டரில் பட்டாலும் 2000 மீட்டரில் பட்டாலும் விளைவு ஏறக்குறைய ஒன்றுதான். சாய்வான கவசமும் இதற்குப் பெரிய தடையில்லை.

ஆனால் இரண்டு தகடுகளுக்கு நடுவே இடைவெளி விட்டாலே அலை அங்கே நின்றுவிடும். பல அடுக்குக் கவசம் வந்த பிறகு, இன்றைய டாங்கியின் முன்புறத்தை ஹெஷ்ஷால் உடைக்கலாம் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. நம் அர்ஜுன் டாங்கியின் 120 மி.மீ. பீரங்கி இன்னும் ஹெஷ் சுடுகிறது என்றால், பங்கர், கட்டடம், லேசான வண்டிகள் என்று அதற்கு வேறு வேலைகள் இருக்கின்றன.

சரி, சாதாரண ஹெச்.இ. குண்டு? வெளியே வெடித்துச் சிதறும், கனமான முன்தகட்டில் கீறல்தான் மிஞ்சும். ஆனால் டாங்கி என்பது வெறும் தகடு இல்லையே. பெரிஸ்கோப் கண்ணாடி உடைந்தால் டிரைவருக்கு வழி தெரியாது, குறிபார்க்கும் சைட் போனால் நான் குருடன், டிராக் அறுந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், பீரங்கிக் குழாயில் சிதறல் பட்டு நெளிந்துவிட்டால் அதற்குப் பிறகு சுடுவதே ஆபத்து. எல்லாப் பக்கமும் ஒரே கனமும் கிடையாது. விஜயந்தாவுக்கு அதிகபட்சம் 80 மி.மீ. கவசம், மெல்லிய இடத்தில் 17 மி.மீ.தான். மேல்தகடும் மெல்லியதுதான், அதில் 43 கிலோ எடையுள்ள 155 மி.மீ. குண்டு நேராக வந்து விழுந்தால் தாங்காது. இரண்டாம் உலகப் போரில் சோவியத்தின் ஐ.எஸ்.யு-152 என்ற கவச பீரங்கி வண்டி ஏறக்குறைய அதே எடையுள்ள ஹெச்.இ. குண்டுகளை ஜெர்மன் டாங்கிகள் மேல் சுட்டதும் இந்த அடியின் பலத்தை நம்பித்தான்.

அதனால் எத்தனை மி.மீ. துளைக்கும் என்று மட்டும் கேட்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. அந்த டாங்கி அடுத்த ரவுண்டைச் சுடுமா, உள்ளே இருப்பவன் நடந்து வெளியே வருவானா என்று கேட்க வேண்டும். கவசத்துக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தவனுக்கு இது கணக்கு மட்டும் இல்லை.

பின்னாளில் நானே உஸ்தாத் ஆனபோது, ஹெஷ் பாடம் எடுக்கும் நாளில் பசங்களை ஒவ்வொருவராக டார்ச்சோடு உள்ளே அனுப்புவேன். ஒருமுறை திருநெல்வேலிப் பையன் ஒருத்தன் இறங்கினான், ரொம்ப நேரம் சத்தமே இல்லை. ஏறி வந்ததும் கேட்டான்: "உஸ்தாத், கன்னர் சீட் அந்தப் பக்கம்தானே?"