‘விளையாட்டில் மிகுந்த ஆர்வம்’ என்ற வரி எங்களை எட்டு மாதம் அலைக்கழித்த கதை

என் மகளுக்குக் கால்பந்து என்றால் உயிர். பயிற்சி நாளன்று காய்ச்சல் வந்தால் அதை மறைக்கப் பார்ப்பவள். அதே மகள் எட்டு வயதிலும் சட்டைப் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு நிற்பாள்; கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ளாமல் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போக மாட்டாள்; குவளையில் தண்ணீர் ஊற்றினால் பாதி மேசைக்குத்தான். இவை இரண்டும் ஒரே குழந்தையிடம் இருக்க முடியும் என்பதை நாங்கள் சந்தித்த மருத்துவர்களிலும் ஆசிரியர்களிலும் பலர் ஏற்க மறுத்தார்கள். டிஸ்பிராக்சியா, அதாவது உடல் அசைவுகளை ஒருங்கிணைத்துச் செய்வதில் சிரமம், உள்ள குழந்தை விளையாட்டைக் கண்டால் ஓடி ஒளியும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஓடி ஒளியாத குழந்தையின் பெற்றோர் என்னென்ன தடைகளைத் தாண்ட வேண்டியிருக்கும் என்பதை, அடிபட்ட சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “ஓடியாடி விளையாடுகிறாளா?” என்பதுதான். விளையாடுகிறாள், கால்பந்துக் குழுவிலும் இருக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். “அப்படியென்றால் கவலைப்பட ஒன்றுமில்லை, வளர வளரச் சரியாகிவிடும்” என்று அனுப்பிவிட்டார். நான் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. கேட்கப்படாததைச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். விளையாடுகிறாளா என்பதைவிட எப்படி விளையாடுகிறாள் என்பதுதான் அங்கே பேசப்பட்டிருக்க வேண்டும். உதைக்கப் போய்ப் பந்தைத் தாண்டிச் செல்வதும், தன் காலே தடுக்கி விழுவதும், இடப்பக்கம் என்று கூவினால் வலப்பக்கம் ஓடுவதும் அந்தப் பத்து நிமிடச் சந்திப்பில் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. ஆகவே, முதல் சந்திப்புக்கே கைபேசியில் மூன்று சிறு காணொளிகளை எடுத்துச் செல்லுங்கள்: படியிறங்குவது, உடை மாற்றுவது, பந்தை உதைப்பது. இரண்டாவது மருத்துவர் அந்தக் காணொளிகளைப் பார்த்த பிறகுதான் பேனாவையே எடுத்தார். தசை பலவீனம் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்பதைச் சோதித்து உறுதி செய்துகொண்டு, மதிப்பீட்டுக்குப் பரிந்துரைக் கடிதமும் தந்தார்.

அந்தக் கடிதத்தோடு மதிப்பீட்டு மையத்துக்குப் போனபோது, முன்பதிவு மேசையிலிருந்தவர் கணினித் திரையை மேலும் கீழும் உருட்டிவிட்டு, “டிஸ்பிராக்சியா என்று எங்கள் பட்டியலில் எதுவும் இல்லையே” என்றார். இருந்தது. மருத்துவ வகைப்பாடுகளில் அதன் பெயர் வேறு: வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் கோளாறு, சுருக்கமாக டிசிடி. பள்ளி வயதுக் குழந்தைகளில் சுமார் 5 முதல் 6 சதவீதம் பேருக்கு இருப்பதாகக் கணக்கிடப்படும் ஒன்றை, அதற்கென்றே இயங்கும் இடத்தில் இருப்பவர் கேள்விப்பட்டதில்லை என்றதும் எனக்கு வார்த்தை எழவில்லை. கடிதத்தைத் திருத்தி வாங்கிக்கொண்டு மறுபடி போக வேண்டியதாயிற்று. பரிந்துரைக் கடிதத்தில் இரண்டு பெயர்களும் இருக்கின்றனவா என்று மருத்துவரின் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பயணமும் வீண்தான். மதிப்பீட்டு நாளன்று பள்ளிக்கு விடுப்பெடுத்து, மகளைத் தயார்ப்படுத்தி, குறித்த நேரத்துக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தோம். பார்வை, செவித்திறன் அறிக்கைகள் எங்கே என்று கேட்டார்கள். தடுமாற்றத்துக்குப் பார்வைக் குறைவோ வேறு நோயோ காரணமில்லை என்பது தெரிந்தால்தான் டிசிடி என்ற முடிவுக்கு வர முடியும். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எங்களுக்கு வந்த அழைப்புக் கடிதத்தில் வண்டி நிறுத்துமிடம் பற்றி ஒரு முழுப் பத்தி இருந்ததே ஒழிய, அறிக்கைகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

மூன்றாவது இடறல், பாதி பள்ளியால் வந்தது, பாதி என்னால் வந்தது. ஆசிரியர் நிரப்பித் தர வேண்டிய படிவத்தில் வகுப்பாசிரியை ஒரே வரியில், “விளையாட்டில் மிகுந்த ஆர்வம் உடையவர், குழுவோடு இணைந்து செயல்படுகிறார்” என்று எழுதியிருந்தார். பாராட்டாகத்தான் எழுதினார், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி அதன்பின் எங்கள் கோப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கூடவே வந்தது. பெற்றோருக்கான வினாத்தாளை நிரப்பியது நான். அதில் 15 கேள்விகள். ஒவ்வொன்றிலும் அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் இட வேண்டும். மகளைக் காகிதத்தில் மட்டம்தட்டக் கை வரவில்லை. பெரும்பாலான கேள்விகளுக்கு நடுவிலுள்ள கட்டத்தையே தேர்ந்தெடுத்தேன். அவளுடைய மிக நல்ல நாளை மனத்தில் வைத்து நிரப்பினேன் என்பது பிறகுதான் உறைத்தது. அந்தத் தாளில் பெற்றோரின் பாசம் குழந்தைக்கு எதிராகவே சாட்சி சொல்லும். சாதாரண நாள் எப்படியோ அப்படி நிரப்புங்கள்.

இத்தனைக்கும் பிறகு நடந்த சோதனையில்தான் பெரிய அடி விழுந்தது. மூவ்மெண்ட் ஏபிசி என்னும் அந்தச் சோதனையில் கைத்திறன், எறிதலும் பிடித்தலும், சமநிலை என்று மூன்று பகுதிகள் உண்டு. மொத்த மதிப்பெண் நூற்றுமான வரிசையில் (அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரைக் கீழிருந்து வரிசைப்படுத்தினால் வரும் இடம்) 5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் சிவப்பு, 6 முதல் 15 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. கைத்திறனிலும் சமநிலையிலும் அவள் வெகுவாகப் பின்தங்கியிருந்தாள். ஆனால் சுவரில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்கச் சொன்னபோது நன்றாகவே பிடித்தாள். பிடிக்காமல் என்ன செய்வாள்? இரண்டு ஆண்டுகளாக நாள் தவறாமல் மாலையில் வீட்டுச் சுவரில் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். மொத்த மதிப்பெண் மஞ்சளில் போய் நின்றது. “ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்” என்று எழுதி, அதற்குக் கீழே விளையாட்டு ஆர்வத்தைப் பற்றிய அந்த வரியையும் மேற்கோள் காட்டியிருந்தார்கள். வீடு திரும்பும் வழியில், “நான் பந்தைப் பிடித்தது தப்பா, அப்பா?” என்று அவள் கேட்டாள்.

அன்றிரவு ஒரு குறிப்பேடு தொடங்கினேன். மதிப்பெண் மட்டும் முடிவைச் சொல்லாது. கற்றுக்கொள்ளப் போதிய வாய்ப்புக் கிடைத்தும் திறன் வயதுக்கேற்ப அமையாதிருப்பதும், அது அன்றாட வாழ்க்கைக்குத் தடையாக இருப்பதும் நோயறிதல் விதிகளிலேயே உள்ளவை. ஆகவே திறன் இருக்கிறதா என்று எழுதுவதை விட்டுவிட்டு, அந்தத் திறனுக்கு அவள் கொடுத்த விலையை எழுதினேன். பந்து பிடிக்கக் கற்க எத்தனை மாதம் ஆயிற்று, அதே பந்து சற்றுப் பக்கவாட்டில் வந்தால் என்ன ஆகிறது, காலணிக் கயிறு கட்ட எத்தனை நிமிடம், எத்தனை முறை முயன்று கைவிட்டாள், பயிற்சி முடிந்த இரவு சாப்பிடும்போதே எத்தனை நாள் தூங்கிவிழுந்தாள் என்று தேதியோடு குறித்தேன். ஆறு மாதம் கழித்து வேறொரு மதிப்பீட்டாளர் அந்தக் குறிப்பேட்டை வாங்கி, முழுவதையும் படித்துவிட்டு, பிறகே சோதனையைத் தொடங்கினார். அதன்பின் எல்லாம் ஒழுங்காக நடந்தன. டிசிடி என்று எழுத்தில் உறுதியாயிற்று.

நிம்மதி நீடிக்கவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், கால்பந்துக்குப் பதிலாக நீச்சல் போன்ற தனிநபர் விளையாட்டில் சேர்க்கலாம் என்றொரு பரிந்துரை இருந்தது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நீச்சலில் ஒரே அசைவு மீண்டும் மீண்டும் வருகிறது, வேகத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். கால்பந்திலோ பந்தும் ஆட்களும் ஒவ்வொரு நொடியும் இடம் மாறுகின்றன, அதுதான் இக்குழந்தைகளுக்கு மிகக் கடினம். எதிலும் ஆர்வமில்லாத குழந்தைக்கு இது நல்ல ஆலோசனைதான். ஆனால் எங்கள் வீட்டில் விளையாட்டு என்ற சொல்லுக்கே கால்பந்து என்றுதான் பொருள். அவளைக் கேட்காமல் அவளுடைய விளையாட்டை மாற்றி எழுதியதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

அவளைக் கேட்டவர், எங்களுக்குக் கிடைத்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். அவர் பின்பற்றிய கோ-ஆப் என்னும் முறை கனடாவில் உருவானது. அதில் இலக்குகளைத் தேர்ந்தெடுப்பது குழந்தைதான். வழக்கமாக மூன்று இலக்குகள், சுமார் பத்து அமர்வுகள். நான் கையெழுத்து, பொத்தான், கயிறு என்று மனத்துக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அவள் சொன்னவை: த்ரோ-இன் (வெளியே போன பந்தை எல்லைக்கோட்டிலிருந்து கையால் எறிவது), வேகமாக வரும் பந்தைக் காலால் நிறுத்துவது, மற்றவர்கள் காத்திருக்காத அளவுக்குச் சீக்கிரமாகக் காலணிக் கயிறு கட்டுவது. கயிறு என் பட்டியலிலும் இருந்தது. ஆனால் அவள் சொன்ன காரணம் எனக்குத் தோன்றியதே இல்லை.

எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறிவது பார்ப்பதற்கு எளிது. இரண்டு கைகளாலும், தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக எறிய வேண்டும். எறியும்போது இரண்டு பாதங்களும் தரையைத் தொட்டிருக்க வேண்டும். கையும் இடுப்பும் காலும் ஒரே நேரத்தில் ஒத்துழைத்தாக வேண்டிய வேலை அது. அவள் எறியும்போதெல்லாம் பின்கால் மேலே எழும், ஊதல் ஒலிக்கும், பந்து எதிரணிக்குப் போகும். தெரபிஸ்ட் எப்படி எறிவது என்று சொல்லிக்கொடுக்கவே இல்லை. இலக்கு, திட்டம், செயல், சரிபார்ப்பு என்ற நான்கு படிகளில் அவளையே யோசிக்க விட்டார். முதல் திட்டம் தோற்றது, இரண்டாவதும் தோற்றது. சொல்லிக்கொடுத்துவிடலாமே என்று நான் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தேன். நான்காவது அமர்வில் எறிதலைப் பதிவுசெய்து பார்த்தவள், “என் பின்கால் பறக்கிறது” என்று தானே கண்டுபிடித்தாள். அவள் வகுத்த திட்டம், பின்காலின் பெருவிரலைத் தரையில் கோடு போடுவதுபோல் இழுத்துக்கொண்டே எறிவது. விதிப்படி அது சரி. பாதம் தரையிலேயே இருக்கிறது.

பந்து நிறுத்துவதில் இன்னும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறாள். பெரிய, மெதுவாக உருளும் பந்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டினோம். சமதரையில் வந்தது புல்தரையில் வரவில்லை. அங்கே ஏறக்குறைய முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

பயிற்சியாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் அல்லர். இவளால் பிறருக்கு இடைஞ்சல் வரக்கூடாதென்று எப்போதும் கோல்கீப்பராக நிறுத்திவைத்தார். கணநேரத்தில் பாய வேண்டிய இடத்தில் போய் இவளை நிறுத்தினால் என்ன ஆகும்? கோல் விழ விழ, கவனமில்லை என்று திட்டும் விழுந்தது. நான் டிசிடி பற்றி மூன்று பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அது அவருடைய பையில் மடித்தபடியே கிடந்ததைப் பின்னர் பார்த்தேன். அடுத்த முறை ஓர் அட்டையில் நான்கே வரிகள் எழுதினேன்: ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் கொடுங்கள், செய்துகாட்டும்போது எதிரே நிற்காமல் அவள் பக்கத்தில், அவள் பார்க்கும் திசையிலேயே நில்லுங்கள், ஆட்டத்துக்கு ஆட்டம் இடத்தை மாற்றாதீர்கள், களைத்துவிட்டால் ஐந்து நிமிடம் உட்கார விடுங்கள். அதை அவர் படித்தார். இப்போது அவள் வலப்பக்கத் தற்காப்பில் நிற்கிறாள். ஒரு பக்கம் முழுக்க எல்லைக்கோடு என்பதால் கவனிக்க வேண்டிய திசைகளில் பாதி குறைந்துவிட்டது. த்ரோ-இன் எறியும் வாய்ப்பும் அடிக்கடி வருகிறது.

சென்ற வாரப் போட்டியில் அப்படியொரு வாய்ப்பு வந்தது. பந்தைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனாள், பெருவிரலை இழுத்தாள், எறிந்தாள். ஊதல் ஒலிக்கவில்லை. எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. பந்து நேராக எதிரணிப் பெண்ணின் காலடிக்குப் போயிற்று. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அதைப் பற்றியேதான் புலம்பிக்கொண்டு வந்தாள், எறிந்த திசை தவறிவிட்டதாம்.