காலின் கவுன்டியில் ஒரு நிலத்தின் மூலப் பத்திரங்களைத் தேடிய அனுபவம்

டெக்ஸஸ் மாநிலத்தில் காலின் கவுன்டியின் கிழக்கே, பிரின்ஸ்டன் ஊரைத் தாண்டி, வீடு கட்டிக்கொள்ளும் எண்ணத்துடன் நானும் என் மனைவியும் சில ஏக்கர் வெற்று நிலத்துக்கு விலை பேசினோம். புதிதாகக் கட்டிய வீட்டை வாங்குகிறவர்கள் பழைய பத்திரங்களைப் புரட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை. வங்கியும், நில உரிமையைச் சரிபார்த்து அதற்குக் காப்பீடு தரும் டைட்டில் கம்பெனியும் பார்த்துக்கொள்ளும். எங்கள் நிலமோ நெடுங்காலமாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்து, மாட்டுத் தீவனப் புல் அறுத்துவந்த நிலம். விற்க வந்தவர் மகள்; வரிப் பதிவேட்டில் இருந்ததோ இறந்துபோன தந்தையின் பெயர். இந்த இடைவெளியை நானே பார்த்துத் தெளிந்துகொண்ட பிறகுதான் மேற்கொண்டு பேசுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, ஒரே நிலத்தைப் பற்றி மூன்று அலுவலகங்கள் மூன்று விதமான தகவல்களை வைத்திருக்கின்றன என்பதை. அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் நிலத்துக்கு ஆண்டுதோறும் மதிப்புப் போடுகிறது. டாக்ஸ் அசெஸர்-கலெக்டர் அந்த மதிப்பின்படி வரி வாங்குகிறார். பத்திரங்களைப் பதிந்து காப்பவர் கவுன்டி கிளார்க். இணையத்தில் முகவரியைத் தட்டினால் முதலில் கிடைப்பது அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் பக்கம்தான். வண்ண வரைபடமும் உரிமையாளர் பெயரும் பரப்பளவும் அதில் அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பெயர் வரி நோட்டீஸ் அனுப்புவதற்கானது. அந்தக் கோடுகள் உத்தேசமானவை. பட்டாவில் பெயர் ஏறிவிட்டதாலேயே கிரயம் சுத்தமாகிவிடாது என்று அறிந்த நம்மவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. எனக்கு அங்கிருந்து உருப்படியாகக் கிடைத்தவை இரண்டு: கடைசிப் பத்திரத்தின் பதிவு விவரம், நிலம் அடங்கிய மூல சர்வேயின் (முதன்முதலில் அளந்து வழங்கிய பெருநிலத்தின்) பெயரும், அதற்குரிய அடையாள எண்ணான அப்ஸ்ட்ராக்ட் எண்ணும்.

அவற்றை வைத்துக்கொண்டு கவுன்டி கிளார்க்கின் பதிவேட்டுக்குள் நுழைந்தேன். மக்கின்னியில் புளூம்டேல் சாலையில் இருக்கும் அலுவலகத்திலும் தேடலாம். வீட்டிலிருந்தே இணையத்திலும் தேடலாம். சொத்தைக் குறிப்பிட்டு மனுக் கொடுத்தால் வில்லங்கச் சான்று தரும் சார்பதிவாளரைப் போன்ற ஏற்பாடு இங்கே இல்லை. கிளார்க்கின் அட்டவணை ஆட்களின் பெயர்களைக் கொண்டது: எழுதிக்கொடுத்தவர் ஒரு பக்கம், எழுதிவாங்கியவர் மறுபக்கம். பத்திரம் உரிய வடிவில் இருந்து கட்டணமும் கட்டினால் கிளார்க் பதிந்துகொள்வார். எழுதிக்கொடுத்தவருக்கு அந்த நிலத்தில் பாத்தியதை உண்டா என்று விசாரிப்பது அவர் வேலை அல்ல. இன்னார்தான் உரிமையாளர் என்று கவுன்டி எவருக்கும் சான்று தருவதில்லை. பத்திரங்களைக் கோத்துப் பார்த்து நாமே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

கோக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். இன்றைய உரிமையாளர் எழுதிவாங்கிய பத்திரத்தை எடுத்து, அதில் எழுதிக்கொடுத்தவர் யாரென்று பார்த்து, அவர் எழுதிவாங்கிய பத்திரத்தைத் தேடி, இப்படியே பின்னோக்கிப் போக வேண்டும். பிறகு அதே வழியில் முன்னோக்கி வர வேண்டும்: ஒவ்வொருவர் பெயரையும் அவர் கையில் நிலம் இருந்த காலத்துக்கு எழுதிக்கொடுத்தவர் வரிசையில் தேடினால்தான் அடமானம், பாதை உரிமை, குத்தகை, நிலத்தில் ஒரு துண்டை வேறொருவருக்கு விற்றது ஆகியவை வெளியே வரும். இந்த இரண்டாம் பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வில்லங்கம் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். பெயர்களின் எழுத்துக்கூட்டல் மாறும், நடுப்பெயரின் முதலெழுத்து ஒரு பத்திரத்தில் இருந்து அடுத்ததில் காணாமல் போகும், மணமான பெண்களின் குடும்பப்பெயர் மாறியிருக்கும். எல்லா வடிவங்களையும் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

தந்தை 1974இல் வாங்கிய பத்திரம் கிடைத்தது. விலை என்ற இடத்தில் ‘பத்து டாலரும் பிற நல்ல மதிப்புள்ள பிரதிபலனும்’ என்று இருந்தது. விற்பனை விலையை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் டெக்ஸஸில் இல்லாததால் எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். பத்திரத்தைப் பார்த்துச் சந்தை விலையை ஊகிக்க முடியாது. அது பொது வாரண்டிப் பத்திரம். எழுதிக்கொடுப்பவர் தமக்கு முந்தைய காலத்துக் குறைகளுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கும் வகை அது. தம் காலத்துக்கு மட்டும் பொறுப்பேற்பது ஸ்பெஷல் வாரண்டி; எந்தப் பொறுப்பும் ஏற்காமல் ‘எனக்கு ஏதேனும் உரிமை இருந்தால் அது உனக்கு’ என்று விட்டுக்கொடுப்பது குவிட் கிளெய்ம். கடைசி வகை ஒரு நிலத்தின் வரிசையில் தென்பட்டால் அங்கே கொஞ்சம் நின்று யோசிப்பது நல்லது.

அந்தக் கிரயத்தோடு ஓர் அடமானப் பத்திரமும் பதிவாகியிருந்தது. கடன் தீர்ந்ததற்கான ரத்துப் பத்திரத்தை எங்கும் காணவில்லை. கடைசித் தவணை 1989 என்று பத்திரத்திலேயே இருந்ததாலும், தவணைக் காலத்தை நீட்டித்ததாக எதுவும் பதிவாகாததாலும் இது பெரிய தடையாகவில்லை. கடைசித் தவணைக்குப் பிறகு நான்கு ஆண்டுகள் கடந்தால் அத்தகைய அடமானம் செல்லாது என்பது டெக்ஸஸ் சட்டம்.

உண்மையான சிக்கல் வாரிசுரிமையில் இருந்தது. டெக்ஸஸில் மணவாழ்க்கையின்போது சம்பாதித்த சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பாதிப்பாதி. தாய் உயில் எழுதாமல் 1980களில் இறந்திருந்தார். இன்று அப்படி நேர்ந்து, பிள்ளைகள் அனைவரும் அந்தத் தம்பதிக்கே பிறந்தவர்கள் என்றால், இறந்தவரின் பாதியும் உயிரோடிருக்கும் துணைக்கே போகும். 1993 செப்டம்பர் 1க்கு முன் நேர்ந்த மரணங்களுக்குச் சட்டம் வேறு: அந்தப் பாதி நேரே பிள்ளைகளுக்குப் போய்விடும். ஆக, தந்தை உயிரோடிருந்து வரி கட்டி வந்த காலம் முழுவதும் அவருக்குச் சொந்தமாக இருந்தது பாதி நிலம்தான். மறுபாதி மூன்று பிள்ளைகளுடையது. இது பிள்ளைகளுக்கே தெரியாது. பின்னர் அவரும் உயிலின்றி இறந்ததால் முழு நிலமும் மூவருக்கும் சமபங்காகியிருந்தது. மகள் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டிருந்தால் எங்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான் வந்திருக்கும்.

கோர்ட்டுக்குப் போகாமல் இதைச் சரிசெய்ய இங்கே வழக்கத்தில் இருப்பது வாரிசு உறுதிமொழிப் பத்திரம். குடும்பத்தை நன்கு அறிந்த, சொத்தில் எந்தப் பங்கும் இல்லாத இருவர், இறந்தவரின் திருமணங்கள், பிள்ளைகள், கடன்கள் பற்றி நோட்டரி முன்னிலையில் சத்தியம் செய்து எழுதிக்கொடுப்பார்கள். பதிவாகி ஐந்து ஆண்டுகள் ஆன பிறகே அதைச் சட்டம் முதல்நோக்குச் சான்றாக, அதாவது மாறாக நிரூபிக்கும்வரை செல்லும் சான்றாக, ஏற்கிறது. அதுவரை ஏற்பதும் மறுப்பதும் டைட்டில் கம்பெனியின் விருப்பம். தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று என இரண்டு தயாராயின. பக்கத்துப் பண்ணைக்காரரும் அவர்களது தேவாலயத்தைச் சேர்ந்த ஒரு முதியவரும் எழுதிக்கொடுத்தார்கள். வெளிமாநிலத்தில் இருந்த சகோதரர் அங்கேயே நோட்டரி முன் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பினார்.

1974க்குப் பின்னால் போனது பாதி தேவைக்காக, பாதி ஆர்வத்துக்காக. 1950களின் பத்திரம் ஒன்றில், விற்றவர் கனிம உரிமையில் பாதியைத் தமக்கே வைத்துக்கொண்டிருந்தார். டெக்ஸஸில் மேல்மண்ணும் அடிக்கனிமமும் தனித்தனிச் சொத்துகள். கனிமம் எடுக்கத் தேவையான அளவுக்கு மேல்மண்ணைப் பயன்படுத்தும் உரிமையும் கனிமக்காரருக்கு உண்டு. காலின் கவுன்டியில் எண்ணெய்க் கிணறு அரிது என்பதால் நாங்கள் அதைப் பொறுத்துக்கொண்டோம்; மேற்கு டெக்ஸஸில் வாங்குகிறவர்கள் பொறுத்துக்கொள்ளக் கூடாது. 1960களில் கிராமக் குடிநீர்க் குழாய்க்காக எழுதித்தந்த பாதை உரிமை இன்னும் சங்கடமானது: குழாய் எந்த இடத்தில் போகும் என்று சொல்லாமல் நிலம் முழுவதையும் அது கட்டுப்படுத்தியது. குழாய் போட்டிருக்கும் இடத்தைக் குறித்து, அதன் இருபுறமும் இத்தனை அடி மட்டும் என்று வரையறுக்கும் ஆவணத்தைப் பதிந்த பிறகே வீட்டின் வரைபடத்தில் கைவைத்தோம்.

ஆகப் பழைய பத்திரங்களில் எல்லைகள் வாரா என்ற ஸ்பானிய அளவில் இருக்கின்றன. ஒரு வாரா 33⅓ அங்குலம். ‘கிழக்கே 475 வாரா சென்று ஒரு போடார்க் மரக்கம்பம்’ என்றால் ஏறத்தாழ 1,319 அடி. அந்தக் கம்பத்தை இன்று யார் காட்டுவது? மஞ்சள் நிறக் கட்டையுடைய அந்த மரம் மண்ணில் எளிதில் மக்காது என்பதால்தான் வட டெக்ஸஸில் வேலிக்கும் எல்லைக்கும் அதையே நட்டார்கள். ஆனாலும் எங்கள் மூலையில் அது இல்லை. உரிமம் பெற்ற சர்வேயர் பக்கத்து நிலங்களின் பத்திரங்களையும் ஒப்பிட்டு அளந்து அரையங்குல இரும்புக் கம்பியை அடித்துக் கொடுத்தார். இந்தப் பத்திரச் சங்கிலியின் முதல் கண்ணி மாநிலத் தலைநகர் ஆஸ்டினில், 1836இல் தொடங்கிய பொது நில அலுவலகத்தில் இருக்கிறது. 1845இல் அமெரிக்காவுடன் இணைந்தபோது டெக்ஸஸ் தன் பொது நிலத்தைத் தானே வைத்துக்கொண்டதால், முதல் பட்டயங்கள் மாநிலத்திடமே உள்ளன. இந்தப் பகுதி, குடியேற வந்தவர்களுக்கு நிலம் வழங்கிய 1841இன் பீட்டர்ஸ் காலனிக்குள் வருகிறது: குடும்பஸ்தருக்கு 640 ஏக்கர் வரை, தனி ஆளுக்கு 320 ஏக்கர் வரை. அப்படி முதலில் பெற்றவரின் பெயர்தான் இன்றும் எங்கள் பத்திரத்தில் சர்வேயின் பெயராக நிற்கிறது.

இத்தனையும் பார்த்த பிறகும் டைட்டில் இன்ஷூரன்ஸ் எடுத்தோம். பெயர்வாரி அட்டவணையில் சிக்காத போலிக் கையெழுத்தை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? பிரீமியத்தை மாநில இன்ஷூரன்ஸ் துறையே நிர்ணயிப்பதால் கம்பெனிக்குக் கம்பெனி விலை பேசி அலைய வேண்டியதில்லை. பாலிசிக்கு முன்னால் வரும், எந்த நிபந்தனைகளில் காப்பீடு தருவார்கள் என்று சொல்லும் கமிட்மென்ட்டை மட்டும் வரி விடாமல் படிக்க வேண்டும். அதன் பி அட்டவணையில் இருப்பவற்றுக்குக் காப்பீடு கிடையாது. சி அட்டவணையில் இருப்பவை கிரயத்துக்கு முன் தீர்க்கப்பட வேண்டியவை. எங்கள் சி அட்டவணையில் வாரிசுப் பத்திரங்களும் பழைய அடமானமும் இருந்தன. பி அட்டவணையில் கனிமம். ஆட்சேபத்தைக் கிரய ஒப்பந்தத்தில் குறித்த கெடுவுக்குள் எழுத்தில் கொடுக்காவிட்டால் அவற்றை ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

விவசாயப் பயன்பாட்டுக்கான குறைந்த மதிப்பில் வரி கட்டிவந்த நிலம் என்பதால் இன்னொரு செலவும் காத்திருந்தது. பயன்பாட்டை மாற்றினால் முந்தைய மூன்று ஆண்டுகளுக்கான வரி வித்தியாசத்தைச் சேர்த்துக் கேட்பார்கள். 2019க்கு முன் அது ஐந்து ஆண்டாக, வட்டியோடு இருந்தது. யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டோம்.

பத்திரம் பதிவான சில வாரங்களில், அரசு முத்திரை போன்ற சின்னத்துடன், ‘உங்கள் கிரயப் பத்திரத்தின் நகலைப் பெற’ என்று பெருந்தொகை கேட்டு ஒரு தனியார் கடிதம் வந்தது. புதிதாக நிலம் வாங்கிய ஏறக்குறைய எல்லாருக்கும் இது வருகிறது. பதிவான அசல் பத்திரம் எப்படியும் தபாலில் வந்துவிடும். கூடுதலாக நகல் வேண்டுமென்றால் கிளார்க் அலுவலகத்தில் பக்கத்துக்கு ஒரு டாலர்.