பியாங்சாங்கில் தங்கம் யாருக்கு?

பிப்ரவரி 12, 2018

தென்கொரியாவின் பியாங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் நடக்கிறது. பனித்தளத்தில் வழுக்கியபடி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கின் அணிப்போட்டியில் கனடா தங்கம் வென்றுவிட்டது. இனி ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஆடும் ஜோடிப் பிரிவு. அக்காவும் நானும் ஆளுக்கொரு பட்டியல் போட்டாயிற்று; முதலிடத்திலேயே தகராறு.

அவளுக்குச் சீனாவின் சூய் வென்ஜிங் – ஹான் சொங் ஜோடிதான் எல்லாம். 2016இல் காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சூய், மறு ஆண்டே ஹெல்சிங்கியில் ஹானுடன் உலகப் பட்டம் வென்றார். இப்படிப்பட்டவர்களை யார் தோற்கடிப்பது என்கிறாள். என் பட்டியலில் முதலிடம் ஜெர்மனியின் அல்யோனா சவ்சென்கோ – புரூனோ மசோ ஜோடிக்கு. டிசம்பரில் நகோயாவில் நடந்த கிராண்ட் பிரி தொடரின் இறுதிப் போட்டியில், ஃப்ரீ ஸ்கேட் என்ற நீண்ட இரண்டாம் கட்ட ஆட்டத்தில் 157.25 புள்ளி எடுத்து உலக சாதனை படைத்தார்கள். அங்கே இரண்டாமிடம் வந்தது அக்காவின் ஜோடிதான்.

“புள்ளியை விடு, ஆட்டத்தைப் பார்” என்றாள்.

“ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், அக்கா.”

வெண்கலத்துக்கு ரஷ்யாவின் தாரசோவா – மொரோசோவ் என்று இருவருமே எழுதியிருக்கிறோம். ஐரோப்பிய சாம்பியன்களாயிற்றே.

பிப்ரவரி 14

மனம் ஆறவில்லை. ஷார்ட் புரோகிராம் என்ற குறுகிய முதல் கட்ட ஆட்டத்தில், இருவரும் அருகருகே ஒரே நேரத்தில் காற்றில் மூன்று முறை சுழலும் சால்கோ என்ற தாவலைத் தாவ வேண்டிய இடம். சவ்சென்கோ மூன்று சுற்றையும் முடித்தார்; மசோ காற்றிலேயே அவிழ்ந்து இரண்டோடு இறங்கிவிட்டார். மூன்று சுற்றுக்கு அடிப்படைப் புள்ளி 4.4, இரண்டுக்கு 1.3தான். ஜோடிப் பிரிவில் ஒருவர் தவறினால் இருவருக்கும் நஷ்டம்.

சூய் – ஹான் 82.39, தாரசோவா – மொரோசோவ் 81.68, கனடாவின் துஹமெல் – ராட்ஃபோர்ட் 76.82. நாலாவதாக என் ஜோடி, 76.59.

முதலிடத்துக்கு 5.80 புள்ளி இடைவெளி. தங்கத்தை மறந்துவிடு என்கிறாள் அக்கா. நான் மறுக்கிறேன். ஃப்ரீ ஸ்கேட்டில் கிடைக்கும் புள்ளி ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கே உலக சாதனை இவர்களுடையது. அதைவிட, சவ்சென்கோவுக்கு இது ஐந்தாவது ஒலிம்பிக். வயது 34. முந்தைய ஜோடி ராபின் சொல்கோவியுடன் 2010இலும் 2014இலும் வெண்கலம். பிரான்ஸில் பிறந்த மசோவோ ஜெர்மன் மொழித் தேர்வு எழுதி, குடியுரிமை பெற்று, கடைசி நேரத்தில்தான் இந்த ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். இவ்வளவு தூரம் வந்தவர்கள் ஒரு தாவலுக்காகச் சோர்ந்துவிடமாட்டார்கள்.

பிப்ரவரி 15

வென்றுவிட்டார்கள்!

159.31. தங்கள் சாதனையைத் தாங்களே முறியடித்தார்கள். பிரிட்டனின் முன்னாள் ஸ்கேட்டிங் சாம்பியன் கிறிஸ்டோபர் டீன் வடிவமைத்த நடனம் அது. தலைக்கு மேல் தூக்கிய நிலையிலிருந்து இறக்கும்போதுகூட ஓட்டத்தின் வேகம் குறையவில்லை. துணையை வீசிவிட்டுத் தாவவைக்கும் த்ரோவில் மசோ வீசிவிட, சவ்சென்கோ உயர எழும்பிச் சுழன்று, ஒற்றைக் காலில் இறங்கி வழுக்கிக்கொண்டு போன அழகை எத்தனை முறை பார்த்தாலும் தகும்.

மொத்தம் 235.90. சூய் – ஹான் 235.47. வித்தியாசம் 0.43!

வெண்கலம் எங்கள் இருவர் கணக்கிலும் இல்லாத கனடாவுக்குப் போனது. த்ரோவில் நான்கு சுற்று சால்கோவை இறக்கிக் காட்டினார் துஹமெல். ஃப்ரீ ஸ்கேட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் 153.33, சீனர்களுக்கு 153.08. தாரசோவா – மொரோசோவ் 143.25 எடுத்து நாலாமிடத்துக்கு இறங்கிவிட்டார்கள்.

அக்கா மாலையில் பேசினாள். 0.43 எல்லாம் ஒரு வெற்றியா, நடுவர் ஒருவர் மனம் மாறியிருந்தால் போதுமே என்றாள். வெற்றிதான், அக்கா. அந்தச் சால்கோ மட்டும் கைகூடியிருந்தால் இடைவெளி இன்னும் பெரிதாக இருந்திருக்கும். சூய் – ஹான் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் இன்று பனித்தளத்தில் சிறப்பாக ஆடியவர்கள் ஜெர்மானியர்கள்.

மார்ச் 22

மிலான் உலகப் போட்டியிலும் சவ்சென்கோ – மசோதான். ஃப்ரீ ஸ்கேட்டில் 162.86, மொத்தம் 245.84. காயம் காரணமாக சூய் – ஹான் இறங்கவேயில்லை. அவர்கள் வந்திருந்தால் தெரிந்திருக்கும் என்கிறாள் அக்கா. வந்திருக்க வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்பட்டேன்.