பிளேட் வைத்த காலை எப்போது ஊன்றுவது?

ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை. முழங்கால் மூட்டை ஒட்டி எலும்பு உடைந்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். அலைக்கழிப்பு டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான். சம்மரியில் என்.டபிள்யூ.பி. என்று மட்டும் எழுதியிருந்தது. காலை ஊன்றவே கூடாது என்று அர்த்தம் என நர்ஸ் அக்காதான் விளக்கினார். எத்தனை வாரத்துக்கு என்றால், "ரிவ்யூவுல சார் சொல்வாரு."

ஆட்டோவில் காலை நீட்டியபடி, ஒவ்வொரு வேகத்தடைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ரிவ்யூவுக்குப் போனால், சார் லீவு. டியூட்டி டாக்டர் எக்ஸ்ரேகூட எடுக்கச் சொல்லவில்லை. "வலி தாங்குற அளவுக்கு ஊனி நடங்க" என்று சீட்டை நீட்டிவிட்டார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

வீட்டில் வேறு, "பக்கத்து பெட்காரர் அப்பவே நடந்தாரே" என்ற பேச்சு. அவருக்கு உடைந்தது கீழ்க்கால் எலும்பின் நடுப்பகுதி. உள்ளே ராடு போட்டிருந்தார்கள். ராடு எலும்புக்குள்ளேயே இருந்து பாரத்தைத் தாங்கும் என்பதால் பலரை சீக்கிரமே ஊன்றச் சொல்வார்கள். மூட்டுப் பரப்பு உடைந்திருந்தால் கதை வேறு. அவசரப்பட்டு ஊன்றினால் தூக்கி நிறுத்திய எலும்பு மறுபடி அமுங்கிவிடலாம். பொதுவாக 6 முதல் 12 வாரம் வரை பொறுக்கச் சொல்வது அதனால்தான். அடுத்தவர் காலைப் பார்த்து நம் காலை ஊன்றக் கூடாது.

நான் ஊன்றவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டர் இருக்கும் நாளை போனில் உறுதி செய்துகொண்டு மறுபடி போனேன். புது எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம். அப்புறம் 20 கிலோ வரைக்கும்" என்றார். அதைச் சீட்டிலேயே எழுதி வாங்கினேன்.

20 கிலோ என்பது காலுக்கு எப்படித் தெரியும்? பிசியோ தம்பி வழி சொன்னார். எடை மெஷினில் அடிபட்ட காலை வைத்து, அதே உயரத்துக்குப் புத்தகம் அடுக்கி மறுகாலை அதன்மேல் வைத்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல அழுத்த வேண்டும். முதல் தடவை முள் 8-ஐத் தாண்டவில்லை. பாதம் மரத்துப் போய் நடுங்கியது. முள் 20-இல் அசையாமல் நின்ற அன்று வீடே கை தட்டியது.

ஊன்றாத நாட்களிலும் டாக்டர் சொன்ன அளவுக்கு முழங்காலை மடக்கி நீட்டுங்கள். விட்டால் மூட்டு இறுகிவிடும். கைத்தடிக்கு மாறும்போது தடி நல்ல கால் பக்கத்துக் கையில் இருக்கட்டும். படி ஏற நல்ல கால் முதலில், இறங்க அடிபட்ட கால் முதலில். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ரிவ்யூ தேதிக்குக் காத்திராமல் உடனே கேஷுவாலிட்டிக்குப் போய்விடுங்கள்.