கால் டாக்ஸி கம்பெனிக்காரர்களிடம் நியாயம் கேட்டுப் போன அனுபவம்

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிக்கிறவர்கள் யாராவது ஆப் டாக்ஸி கம்பெனி ஒன்றை வைத்து ஆய்வேடு எழுதலாம் என்று நினைத்தால் ஒன்று சொல்கிறேன்: கம்பெனி அனுமதி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். கம்பெனி தன் ஆட்களை நியாயமாக நடத்துகிறதா என்பது என் ஆய்வு, அதற்கு அனுமதி கேட்டுப் பார்த்தேன். கோவை அலுவலகத்தில் ஹெச்.ஆரைப் பார்க்கச் சொன்னார்கள், ஹெச்.ஆர். மெயில் போடச் சொன்னார், மெயிலுக்கு 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் வந்தது, இன்று வரை பரிசீலித்துக்கொண்டே இருக்கிறார்கள். கம்பெனி பெயர் வேண்டாம், பேசியவர்களுக்குக் கொடுத்த வாக்கு அது.

என் கைடு ஒரு வழி சொன்னார். கம்பெனியை விட்டுவிடு, அங்கே வேலை செய்கிற ஆட்களைத் தனி மனிதர்களாகப் பார். அவர்களுடைய நேரத்தில், அலுவலகத்துக்கு வெளியே, கம்பெனி ஆவணம் எதையும் தொடாமல் பேசு. கல்லூரி நெறிமுறைக் குழுவும் இதற்கு ஒப்புக்கொண்டது. அவர்கள் போட்ட நிபந்தனையில் முக்கியமானது, ஒப்புதலைக் கையெழுத்தாக வாங்க வேண்டியதில்லை, பேச்சாகப் பதிவு செய்தால் போதும் என்பது. இது பெரிய உதவி. கையெழுத்து என்றாலே அலுவலகத்துப் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் பேசுவது தமிழ், பஞ்சாயத்து கேரளா. வேலந்தாவளம் தாண்டினால் கோவை மாவட்டம். எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் டிஎன் பதிவு வண்டி எடுத்து ஆப்பில் அட்டாச் பண்ணி கோவையில் ஓட்டுகிறார்கள். அதனால் டிரைவர்களைப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. சித்தப்பா முறை, மாமா முறை என்று யாராவது ஒருவர் இருப்பார், அவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். அலுவலக ஆட்கள்தான் கஷ்டம். அங்கே வேலை செய்கிறவர்களில் கம்பெனி சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் கொஞ்சம்தான். மீதிப் பேர் ஆஃப் ரோல், ஏதோ ஒரு ஏஜென்சி மூலமாக வந்தவர்கள், எந்த நாளும் 'நாளைக்கு வர வேண்டாம்' என்று சொல்லப்படக்கூடியவர்கள். வாய் திறக்கப் பயம் இருக்கத்தான் செய்யும்.

யாரைச் சேர்ப்பது என்பதே முதல் தலைவலி. கம்பெனி டிரைவரை ஊழியர் என்று சொல்லாது, 'பார்ட்னர்' என்று சொல்லும். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலேயே கிக் தொழிலாளர் (இப்படி ஆப் மூலமாகவும் மற்றபடியும் துண்டு துண்டாக வேலை எடுப்பவர்) என்பவர் வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்றுதான் விளக்கம். பிரிட்டனில் 2021 பிப்ரவரியில் ஊபர் டிரைவர்கள் 'வொர்க்கர்' என்ற வகைக்குள் வருவார்கள் என்று அங்கத்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இங்கே அப்படி ஒன்று இல்லை. நான் இரண்டு தரப்பையும் எடுத்துக்கொண்டேன். பெயர் என்னவாக இருந்தாலும் இரண்டு பேரையும் மேய்ப்பது ஒரே கம்பெனி.

கேள்வித்தாளுக்கு டிரைவர்கள் பக்கம் ஆப் கம்பெனிகள் தொழிலாளரை எப்படி நடத்துகின்றன என்று மதிப்பிடும் ஃபேர்வொர்க் ஆய்வின் ஐந்து தலைப்புகள் கைகொடுத்தன: ஊதியம், பணிச்சூழல், ஒப்பந்தம், நிர்வாகம், பிரதிநிதித்துவம். அலுவலக ஆட்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்காக லெவன்தால் என்பவர் 1980-இல் எழுதிய ஆறு விதிகளைப் பிடித்துக்கொண்டேன். ஒரு முடிவு எடுக்கும் முறை எல்லோருக்கும் ஒன்றா, பாரபட்சம் இல்லையா, சரியான தகவலை வைத்து எடுத்ததா, தப்பாக இருந்தால் திருத்த வழி இருக்கிறதா, பாதிக்கப்படுகிறவர் பேச்சு அதில் ஏறுகிறதா, அறத்துக்கு ஒத்துவருகிறதா. படிக்கும்போது தேர்வுக்கு மனப்பாடம் பண்ணிய சமாச்சாரம், பேட்டியில் உட்கார்ந்த பிறகுதான் இதில் நான்காவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது.

ஆனால் தலைப்புகளை அப்படியே கேள்வியாக்கினால் கதை நடக்காது. 'கம்பெனி நியாயமா நடத்துதா?' என்றால் 'பரவால்லீங்க' என்று முடித்துவிடுவார்கள். 'சமீபத்துல உங்களுக்கு எதிரா எடுத்த முடிவு ஒண்ணு சொல்லுங்க, யார் எடுத்தாங்க, யார் வந்து சொன்னாங்க, மாத்தக் கேட்டீங்களா?' என்றால் டீ ஆறிப்போகும், பேச்சு நிற்காது.

இன்னொன்று, டிரைவரைப் பேட்டி எடுக்க வண்டி புக் பண்ணிப் பின்சீட்டில் உட்கார்ந்து பேசுகிறார்கள் சிலர். அதை நான் செய்யவில்லை. ஸ்டியரிங் பிடித்திருப்பவர் மனதில் ஐந்து ஸ்டார்தான் இருக்கும், நீங்கள் ஆய்வாளர் இல்லை, கஸ்டமர். பீளமேடு விமான நிலையம் பக்கம் டிரிப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில் பேசினேன், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுத் திண்ணையில். அலுவலக ஆட்களை அவர்கள் வேலை செய்யும் ஏரியாவில் பார்க்கவே கூடாது. சாவடி பக்கம் ஒரு பேக்கரி வசதியாக இருந்தது, கோவைக்காரர்கள் அவ்வளவாக அங்கே வர மாட்டார்கள்.

கமிஷனைப் பற்றிப் பேச்சு வராமல் இல்லை. மத்திய அரசின் 2020 வழிகாட்டுதலில் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் டிரைவருக்கு என்று இருந்தது சிலருக்குத் தெரிந்திருந்தது. 2022-இல் கேரள அரசு திருவனந்தபுரத்தில் தொடங்கிய கேரள சவாரி என்ற டாக்ஸி ஆப்பில் அப்போது 8 சதவீதம்தான் சேவைக் கட்டணம் என்பதையும் ஒருவர் சொன்னார், அவர் வண்டி டிஎன் பதிவு, அவருக்கு அதனால் நயா பைசா பிரயோஜனம் இல்லை. ஆனால் குரல் உயர்ந்தது அங்கே இல்லை. ஐடி பிளாக் ஆகிற, அதாவது டிரைவரின் ஆப் கணக்கைக் கம்பெனி முடக்கிவிடுகிற விஷயத்தில்தான். மாமா முறையாகும் ஒருவர் சொன்னது: "காசு கம்மியானா கணக்குப் பார்த்து மனசைத் தேத்திக்கலாம் அம்மிணி. ஐடியை ஆஃப் பண்ணிப்போட்டு ஏன்னு சொல்லாம உட்டா யார்கிட்டப் போய் நிக்கறது?" அவர் போய் நின்றது ஹப் கவுன்டரில், டிரைவர்கள் குறை சொல்ல வரும் கம்பெனி கவுன்டர் அது. அங்கே இருந்த பையன் ஏதோ தெரிந்தும் சொல்லாமல் மறைக்கிறான் என்பது அவருடைய முடிவு. நிறையப் பேர் இதையேதான் சொன்னார்கள், கவுன்டர்காரன் திமிர் பிடித்தவன் என்று.

அப்புறம் அந்தக் கவுன்டர் வேலையில் இருக்கிற ஒருவர் பேக்கரிக்கு வந்தார். அவர் திரையில் தெரிவது ஒரு காரணக் குறியீடு மட்டும்தானாம், 'பாலிசி மீறல்' என்கிற மாதிரி. எந்த டிரிப், யார் புகார், எதுவும் இருக்காது. "அன்லாக் பட்டன் எங்க ஸ்கிரீன்லயே கிடையாதுங்க. டிக்கெட் போட்டு எஸ்கலேட் பண்ணுவோம், அதுக்கு மேல அது எங்க போகுதுன்னு எங்களுக்கே தெரியாது." அதோடு விடவில்லை. கவுன்டருக்கு வந்துபோன டிரைவர் போனில் ஒரு மதிப்பெண் கேட்கும், அதை வைத்துத்தான் இவருக்கு மாதாந்திர இன்சென்டிவ். பிளாக் எடுபடாத டிரைவர் என்ன மார்க் போடுவார்? ஒன்று. தான் எடுக்காத முடிவுக்கு, தன்னால் மாற்ற முடியாத முடிவுக்கு, சம்பளத்தில் அடி வாங்குகிறார். டீம் லீடிடம் கேட்டால் 'சிஸ்டம் அப்படி' என்பார்கள். மாமா சொன்னதும் இவர் சொன்னதும் எழுத்து பிசகாமல் ஒரே புகார். ஆய்வேட்டின் நடு அத்தியாயம் முழுக்க இதுதான்.

எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு அநியாயமும் கிடைத்தது. எங்கள் பக்கத்திலிருந்து அந்த அலுவலகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு மலையாளமும் தெரியும் அல்லவா, அதனால் பாலக்காட்டிலிருந்து வரும் புகார் எல்லாம் அவர்கள் தலையில். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு என்ன டார்கெட்டோ அதேதான் இவர்களுக்கும், மலையாள அழைப்பு அதற்கு மேல். இதை 'திறமைக்கு அங்கீகாரம்' என்று அவர்களில் ஒரு அக்காவின் அப்ரைசலில் (பணி மதிப்பீட்டில்) எழுதியிருந்தார்களாம். படித்துக் காட்டிவிட்டுச் சிரித்தார் அந்த அக்கா. போனில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பட்டுமா என்றும் கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேலையில் சேரும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், நமக்கு ஒரு மேற்கோள் கிடைக்கும், அவருக்கு வேலை போகும்.

பேச்சை எழுத்தாக்குவது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நரகம். பாதி வாக்கியம் தமிழ், பாதி மலையாளம், நடுவே ஆங்கில டெக்னிக்கல் சொல். மென்பொருள் எதற்கும் பிடிபடவில்லை, கையால் எழுதினேன். பகுப்பாய்வுக்கு எல்லோரும் சொல்லும் பிரான்–கிளார்க் 2006 முறைதான், பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைத் தலைப்பு வாரியாகத் தொகுப்பது.

அடையாளம் மறைப்பதில்தான் கவனம் வேண்டும். பெயரை மாற்றினால் ஆச்சு என்று புத்தகம் சொல்கிறது. அந்த அலுவலகத்தில் மலையாளம் தெரிந்த பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? 'சித்தூர் தாலுகாவைச் சேர்ந்த பெண் ஊழியர்' என்று எழுதினாலே டீம் லீட் கண்டுபிடித்துவிடுவார். வயதை, ஊரை, சேர்ந்த வருஷத்தைக் கலைத்து எழுதினேன், சில இடங்களில் இரண்டு பேர் சொன்னதை ஒரே பத்தியில் சேர்த்தேன். முடிவுகளை எளிய தமிழில் ஒரு பக்கமாக எழுதி எல்லோருக்கும் அனுப்பி, ஆட்சேபணை இருந்தால் சொல்லச் சொன்னேன். டிரைவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஒருவர் மட்டும் இதைக் கோர்ட்டில் காட்டலாமா என்று கேட்டார், முடியாது என்றேன். அந்த அக்கா தன் அப்ரைசல் வாசகத்தை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். இங்கே அந்த வாசகம் அவர் ஒப்புக்கொண்ட வடிவத்தில்தான், சொற்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித் தேர்வாளர் மொழிப் பாகுபாடு பகுதியில் ஆதாரம் மெலிந்து கிடக்கிறது என்றார். ஏன் என்று சொன்னேன். அந்தக் காரணத்தையே ஒரு பத்தியாக முறையியல் அத்தியாயத்தில் சேர்க்கச் சொன்னார், சேர்த்துக் கொடுத்த பிறகு கையெழுத்துப் போட்டார்.